பூதத்தின் கோணல் பல்

போன வாரம் சில்லு "சரி" என்று சொன்ன இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவள் அவ்வளவு லேசில் சரி சொல்லுகிற ஆளா என்று உங்களில் பாதிப் பேருக்காவது சந்தேகம் வந்திருக்கும். நியாயமான சந்தேகம்தான். அண்ணன்காரன் தன் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவளுக்கு ஒரு இன்டர்வியூ ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றபோது, அவள் ஒரு பூதத்துக்கு இமை ஒட்டிக்கொண்டிருந்தாள். இமை ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து சண்டை போட முடியாத நேரத்தில் மூக்கு வழியாக வந்த "சரி" அது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சில்லு கல்லூரி முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சின்ன வயதில் உடைந்த ஓடு, கண்ணாடி, பொத்தான் என்று எதைக் கண்டாலும் பொறுக்கி வருவாள் என்பதால் அந்தப் பெயர். இப்போது களிமண்ணும் கம்பியும் மெழுகும் வைத்துப் பொம்மை செய்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் செல்போனில் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிடுகிறாள். யாரையும் பயமுறுத்தத் தெரியாத ஒரு பூதத்தின் கதை. அந்தப் பூதம் ஒரு கொட்டாவி விட அரை நாள் ஆகிறது.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவளுக்குத் திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகிவிட்டது. காலையில் தெருவே அவசரமாக ஓடுவதை மாடியிலிருந்து பார்க்கும்போது தான் மட்டும் வண்டியைத் தவறவிட்ட மாதிரி இருக்கும். பூதத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அது மறந்துபோகும். எழுந்தால் திரும்ப வந்துவிடும்.

"என்னம்மா பண்ணிட்டிருக்க?" என்று எதிர்வீட்டு அக்கா மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அவள் கெட்டவள் இல்லை. கேட்பதற்கு வேறு எதுவும் தோன்றாதவள், அவ்வளவுதான். சில்லுவிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"சும்மாதான் இருக்கேன்க்கா."

இன்டர்வியூ நாள் காலையில் அண்ணன்காரன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடம் நடத்தினான்.

"ஒன்றரை வருஷமா என்ன பண்ணேன்னு மேனேஜர் கேப்பார். சும்மா இருந்தேன்னு சொல்லித் தொலைக்காத."

"வேற என்ன சொல்லணும்?"

"கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சேன்னு சொல்லு."

"என்ன கோர்ஸ்னு கேட்டா?"

"கேக்க மாட்டார்."

"கேட்டா?"

"இருமு."

சில்லு சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேனேஜரைப் பிடிக்க அவன் எத்தனை நாள் அலைந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஆபீஸ் முழுக்க "என் தங்கச்சி ரொம்பக் கெட்டிக்காரி" என்று சொல்லி வைத்திருக்கிறான். அதை அவளிடம் மட்டும் சொன்னதில்லை. அண்ணன்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு.

"ரெண்டு மணிக்கு. வாசல்ல நிப்பேன். கையில ஒட்டியிருக்கிற பசையை எல்லாம் சுரண்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போயிருப்பதால் இந்த வாரம் அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. வேலையெல்லாம் அம்மாவுக்குத்தான்.

அம்மா பல் செட் செய்கிறவள். வாயைத் திறக்கச் சொல்லி அளவெடுப்பதோடு டாக்டர் வேலை முடிந்தது. அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிற பிளாஸ்டிக் வைத்து வேகவைத்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பதெல்லாம் அம்மா. வீட்டின் முன் அறைதான் லேப். அங்கே ஜன்னலோரத்தில் எப்போதும் நாலைந்து வாய்கள் காய்ந்துகொண்டிருக்கும். சில்லு பிறந்ததிலிருந்து அவற்றைப் பார்த்து வளர்ந்தவள். பூதத்துக்கு மெழுகும், ஓரம் உடைந்து வேண்டாமென்று ஒதுக்கிய பற்களும் எங்கிருந்து கிடைக்கின்றன என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பத்து மணி வாக்கில் போன் வந்தது. அம்மாவின் வலது கட்டைவிரலில் நாலு நாள் முன்னால் வெந்நீர் பட்டுப் பெரிய கட்டு. இடது கையில் பாலிஷ் மாவு. சில்லுதான் ஸ்பீக்கரில் போட்டாள்.

அடுத்த தெரு பல் டாக்டர்.

"அம்மா, நேத்து குடுத்தீங்களே மேல் செட்டு, முன்னாடி ஆறு பல்லு யார் அடுக்கினது?"

அம்மா பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "போட்டுவிட்டேன். அளவு கச்சிதம். கண்ணாடியைப் பார்த்தாங்க, அப்படியே கவுத்து வச்சுட்டாங்க. இப்போ கர்ச்சீப்ல வாயை மூடிக்கிட்டு அழுதுட்டிருக்காங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்களுக்கு மேடை இருக்கு. என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

"நான் பார்க்கிறேன் டாக்டர்" என்றாள் அம்மா. போன் அணைந்தது.

அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

ஆமாம், அடுக்கியது சில்லுதான். விரல் சுட்டுக்கொண்ட அம்மாவால் முன்பற்களின் நுணுக்க வேலையைச் செய்ய முடியவில்லை. மெழுகில் சில்லுவின் கை எப்படிப் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். செட்டுக்குச் சொந்தக்கார அம்மாளின் பழைய போட்டோ ஒன்றையும் டாக்டர் அனுப்பியிருந்தார். பல்லின் நீளம் தெரிவதற்காக. வழக்கமாக மெழுகு நிலையிலேயே ஒரு தடவை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். இந்தத் தடவை அவசரமென்று டாக்டரே அதை வேண்டாமென்றுவிட்டார்.

போட்டோவில் அந்த அம்மாளின் இடது பக்கப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சில்லு அதைப் பார்த்ததும் சொக்கிப்போனாள். அதே கோணலை, அதே சாய்வில், அப்படியே அடுக்கிவிட்டாள். இரண்டு மணி நேரம் பூதத்தைக்கூட மறந்து அதை அடுக்கினாள்.

"ஏன்டி அப்படிப் பண்ணினே?"

"போட்டோல அப்படித்தானேம்மா இருந்துச்சு! எல்லாத்தையும் நேரா அடுக்கினா வாய் செத்துப்போயிடும். பூதத்துக்கே நான் ஒரு பல்லைச் சாய்ச்சுத்தான் வைப்பேன். அப்போதான் அது யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கும்."

"அது பூதம்டி. களிமண்ணு. நீ எதை வச்சாலும் வாங்கிக்கும். இது ஒரு மனுஷி. அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியா?"

சில்லு நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினாள்.

"நானும் பார்த்தேன்" என்றாள் அம்மா, குரலைத் தணித்துக்கொண்டு. "டாக்டர் போட்டோ அனுப்பினதே அதுக்காகத்தான்னு நெனச்சுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. ஆனா அந்த டாக்டர் நம்மை விட்டா, நம்ம லேபுக்கு வர்ற வேலையில பாதி போச்சு. தெரியும்ல?"

தெரியும். அதைவிட, யாரோ ஒருவரைத் தான் அழவைத்துவிட்டோம் என்பதுதான் சில்லுவை உறுத்தியது. தனக்கு நன்றாக வரும் ஒரே வேலை இது. அதைக் கொண்டுபோய் ஒருவரை அழவைத்திருக்கிறாள்.

அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த அம்மாளின் வலது கை தாடைக்குப் பக்கத்தில், கலங்கலாக. ஏதோ ஸ்டைலுக்காகக் கையை வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தாள். இல்லை, அது வாயை மூட மேலே போய்க்கொண்டிருக்கும் கை. கேமரா அதை முந்திவிட்டது. பூதத்தின் சுண்டுவிரல் நகர்ந்தாலே கண்டுபிடிக்கிற பெண், இந்தக் கையைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

போனை எடுத்தாள்.

"அண்ணா, ரெண்டு மணிக்கு நான் வரல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்னே என்னடி?"

"ஒருத்தங்களுக்குப் பல்லைத் தப்பா வச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாத்தணும். அம்மாவுக்குக் கை முடியல, நான்தான் செய்யணும்."

"இதைப் போய் மேனேஜர்கிட்ட நான் எப்படிடி சொல்றது?"

"இப்படியே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

டாக்டரின் கிளினிக்கில் பின்பக்க அறையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக உட்கார்ந்து, கர்ச்சீப்பை வாயிலிருந்து எடுக்காமல் பேசினார். குரல் மட்டும் வெளியே வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் சில்லு நிமிர்ந்துவிட்டாள்.

"நீங்க... ரயில்வே ஸ்டேஷன்ல..."

"ஆமா. நான்தான். எந்த வண்டி எந்த நடைமேடைன்னு கத்துறவ."

கல்லூரிக்குப் போன நாளெல்லாம் சில்லு கேட்ட குரல். ஊரில் அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை, முகத்தைத் தெரிந்தவரும் இல்லை. இன்றைக்கு அவருக்குப் பணி ஓய்வு. ஸ்டேஷன் வளாகத்திலேயே மேடை போட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பல்லை அடுக்கினது நான்தான் மேடம்" என்றாள் சில்லு. "உங்க போட்டோவைப் பார்த்து. அந்தப் பல்லுதான் உங்க முகத்துக்கே உயிர்னு நெனச்சுட்டேன்."

"உயிரா?" அந்த அம்மாளுக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்துவிட்டது. "அது என் உயிரை எடுத்த கதை உனக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே கொக்கி. அந்த வேலைக்கு நான் ஏன் போனேன்னு நினைக்கிறே? கண்ணாடி ரூம்ல தனியா உக்காந்து பேசலாம், ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஒரு குரூப் போட்டோல நான் சிரிச்சதில்ல. கல்யாண போட்டோல உம்முனு இருக்கேன். போன மாசம் மேல் பல்லையெல்லாம் எடுத்தப்போ எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். ஒழிஞ்சுதுடா சனியன், இனிமே சிரிக்கலாம்னு. கண்ணாடியைப் பார்த்தா, அதே சனியன் திரும்ப வந்து உக்காந்திருக்கு!"

சில்லுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மேடம். கேட்டிருக்கணும். கேக்கல."

அந்த அம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இந்தக் காலத்தில் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறவர்கள் குறைச்சல். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"எப்படி வேணும்னு சொல்லுங்க. மாத்தித் தரேன்."

"நேரா வேணும்."

"நேராவுலயே நாலஞ்சு விதம் இருக்கே. கொஞ்சம் உருண்டையா, ஓரம் மழுங்கி..."

"எனக்கு என்னம்மா தெரியும்? இதுவரைக்கும் நேரா இருந்ததேயில்லயே!"

சில்லு மெழுகு எடுக்கப் பையில் கையை விட்டாள். அவசரத்தில் மெழுகு டப்பாவுக்குப் பதிலாக வேறொரு டப்பாவை எடுத்து வந்திருக்கிறாள். மூடி கழன்று மேஜை மேல் எல்லாம் கொட்டியது.

"என்னடி இது! டப்பா நிறைய வாயி!" என்றார் அந்த அம்மாள்.

பூதத்தின் வாய்கள். ஆ சொல்ல ஒன்று, ஈ சொல்ல ஒன்று, ஊ சொல்ல ஒன்று, உம்மென்று இருக்க ஒன்று. பூதம் பேசும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாயைக் கழற்றி அடுத்த வாயை மாட்ட வேண்டும். பின்னால் சின்ன காந்தம் இருக்கும்.

"நீ படிச்சு முடிச்சுட்டியா? என்ன பண்றே?"

வந்துவிட்டது அந்தக் கேள்வி. "சும்" வரைக்கும் சில்லுவின் உதட்டுக்கு வந்தது. கர்ச்சீப்புக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். நானும் இப்படித்தானே ஒரு வார்த்தையை வைத்து மூடிக்கொள்கிறேன் என்று தோன்றியது.

"பூதம் செய்றேன் மேடம்."

"செஞ்சு?"

"நடக்க விடுறேன். பேச விடுறேன்."

செல்போனில் அந்தக் கொட்டாவியைக் காட்டினாள். பூதம் வாயைத் திறந்தது, திறந்துகொண்டே போனது, கடைசியில் தன் கொட்டாவியைப் பார்த்துத் தானே பயந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனால் கை மட்டும் கர்ச்சீப்போடு வாயை விடவேயில்லை. மேலே பல்லே இல்லாதபோதும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

சில்லு சிந்திய வாய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். கடைசி வாயைக் கையில் எடுத்தபோது அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தலைக்குப் பல வாய்.

"மேடம், மூணு மணி வாக்கில திரும்ப வரேன். நீங்க போட்டுப் பார்த்துட்டு உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அந்தச் செட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

லேபில் அம்மா அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்படி யாரும் செய்ய மாட்டாங்கடி. ஒண்ணை அடுக்கி, போட்டுப் பார்த்து, பிடிக்கலைன்னா கலைச்சு அடுக்கணும்."

"கலைச்சுக் கலைச்சு அடுக்க நேரம் எங்கம்மா இருக்கு? இந்தச் செட்டுல முன்னாடி ஆறு பல்லையும் வெட்டி எடுத்துட்டா, அங்க ஒரு காலி இடம் கிடைக்கும். அந்த இடத்துக்கு மூணு மெழுகுத் துண்டு செய்யலாம். மூணுலயும் ஆறு ஆறு பல்லு. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டிக் காட்டலாம்."

அம்மா யோசித்தாள். யோசித்தாள் என்று நான் எழுதி முடிப்பதற்குள் இடது கையால் மெழுகு உருக்கும் விளக்கைப் பற்றவைத்துவிட்டாள். பல் தட்டுகளை இழுத்து வைத்து, "இது அவங்க உதட்டுக்கு அகலம். இதை எடு. நிறம் இதைவிட ஒரு மாத்துக் குறைச்சலா இருக்கணும்" என்று பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். மெஷினைப் பிடித்து ஆறு பல்லையும் சில்லு வெட்டி எடுத்தாள். கோணல் பல் மட்டும் உடையாமல் முழுசாக வந்தது. அதை மேஜை ஓரமாக வைத்தாள்.

இரண்டாவது துண்டு பாதியில் இருக்கும்போது அண்ணன்காரன் டையோடு வந்து நின்றான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறான்.

"இன்னும் நேரம் இருக்கு. இப்போ கிளம்பினாக்கூடப் போயிடலாம். மேனேஜர்கிட்ட இன்னும் எதுவும் சொல்லல. கையைக் கழுவிட்டு வா."

"வரல."

"இந்த வேலை திரும்பக் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது சில்லு. உனக்காகப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன் நான்!"

"கத்துறதுன்னா அந்த ஓரமாப் போய்க் கத்துடா. இங்க மெழுகு உருகிட்டிருக்கு" என்றாள் அம்மா.

சில்லு கருவியைக் கீழே வைத்தாள். "அண்ணா, நீ எனக்காக நின்னது எனக்குத் தெரியும். வேணாம்னு நான் சொல்லல. ஆனா இதை நான்தான் கெடுத்தேன், நான்தான் சரி பண்ணுவேன். இதை விட்டுட்டு அங்க வந்து உக்காந்து, நான் பொறுப்பான பொண்ணுன்னு எந்த வாயால சொல்றது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் குரலில் இழுப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒன்றரை வருஷமாகக் கேட்காத குரல். வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினான். திரும்பி வந்து டையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான்.

"மூணு மணிக்குத்தானே? பைக்ல கொண்டுவிடுறேன். மெழுகு வெயில்ல இளகிடும்."

கிளினிக்கில் அவனிடம் கண்ணாடியைக் கொடுத்து டாக்டர் நிற்கவைத்துவிட்டார். பாவம், இன்சூரன்ஸ்காரன்.

முதல் துண்டை மாட்டியதும் அந்த அம்மாள் வழக்கமான குரலில் ஆரம்பித்தார். "பயணிகள் கவனத்துக்கு. ஆறாவது நடைமேடையில் நிற்கும் எக்ஸ்பிரஸ் வண்டி சற்று நேரத்தில்..." ஸ வரும் இடத்திலெல்லாம் லேசாக விசில் அடித்தது. சில்லு அந்த இடத்தில் மெழுகைத் துளி சுரண்டினாள். விசில் நின்றது. ஓரங்கள் கொஞ்சம் மழுங்கி, வயசுக்கு ஏற்ற மாதிரி இருந்த பற்கள். சில்லுவுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

இரண்டாவது துண்டில் பல் சின்னது. "பால் பல்லு மாதிரி இருக்கு" என்று அந்த அம்மாளே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஒரு பல் இன்னொரு பல்லைவிட அணுவளவும் முன்னே பின்னே இல்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார். அண்ணன்காரனின் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதான்."

"கொஞ்சம் செட்டு மாதிரி தெரியுமே" என்று டாக்டர் இழுத்தார்.

"தெரியட்டும் டாக்டர். செட்டுதானே! ஊருக்கே தெரியட்டும். நேரா இருக்குல்ல?"

டாக்டர் சில்லுவைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். முதல் துண்டுதான் முகத்துக்குப் பொருந்துகிறது என்று அவளுக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும். காலையில் இருந்த சில்லுவாக இருந்தால் ஒரு பெரிய பிரசங்கமே செய்திருப்பாள்.

"நேரா இருக்கு மேடம். இதையே போட்டுடலாம்" என்றாள்.

அப்புறம் லேபில் மெழுகை எடுத்து, சீக்கிரம் இறுகும் பிளாஸ்டிக் வைத்து, வெந்நீரில் அழுத்தி வைத்து, ஒட்டு தெரியாமல் தேய்த்து, பாலிஷ் போட்டு முடித்தார்கள். அம்மா நாலு தடவை விரலால் தடவிப் பார்த்தாள். ஐந்தாவது தடவை ஒன்றும் சொல்லாமல் ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு மூடினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம். இரண்டு பேருமாகவே கிளினிக்குக்கு நடந்தார்கள்.

அந்த அம்மாள் மேடைக்கான புடவையில் தயாராக இருந்தார். செட்டைப் போட்டார். உதட்டை மூடி, நாக்கால் உள்ளே தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

பழக்க தோஷம். வலது கை தானாக மேலே கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, தாடைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. போட்டோவில் நின்ற அதே இடம். சில்லு மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தக் கை ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்துவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அறுபது வயது முகத்தில் ஆறு பல்லும் பட்டாளம் மாதிரி நேராக, பளிச்சென்று, கொஞ்சம்கூடப் பொருந்தாமல் நின்றன. சில்லு அவ்வளவு அழகான சிரிப்பை அதுவரை பார்த்ததில்லை.

"பயணிகள் கவனத்துக்கு" என்றார் அந்த அம்மாள். அம்மா கட்டுப்போட்ட விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் திரும்பி நின்றார். "அந்தக் கோணல் பல்லை என்ன பண்ணினே?"

"எடுத்து வச்சிருக்கேன் மேடம். தூக்கிப் போட மனசு வரல."

"உன் பூதத்துக்கு வச்சிடு. அதுவாவது நாலு பேரைப் பயமுறுத்தட்டும்."

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "இனிமே கேக்காம அடுக்கினே, கையை ஒடிச்சிடுவேன்." கொஞ்ச தூரம் போனதும், "அந்த விசில் அடிச்ச இடத்தை நல்லாக் கண்டுபிடிச்சியாமே. டாக்டர் சொன்னார்" என்றாள்.

மாடிப்படியில் எதிர்வீட்டு அக்கா வழக்கம்போல் நின்றிருந்தாள்.

"என்னம்மா, என்ன பண்ணிட்டிருக்க?"

"பூதம் ஒண்ணு செஞ்சிட்டிருக்கேன்க்கா. இன்னிக்கு அதுக்குப் பல்லு வைக்கணும். வந்து பாருங்களேன்."

அக்காவுக்கு அடுத்த கேள்வி தோன்றவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

அண்ணன்காரன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் சில்லுவின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். கோர்ஸ், காய்ச்சல் அப்படி எதுவும் சொல்லல. ஒருத்தங்களுக்குப் பல்லைத் தப்பா வச்சுட்டா, சரி பண்ணிட்டிருக்கான்னே சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"பேனாவை நாலு தடவை மூடித் திறந்தார். அப்புறம் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரச் சொல்லுன்னார். அந்தாளு கோபமா இருக்காரா, இல்லையான்னு எனக்குப் புரியல."

சில்லு பூதத்தின் தலையைத் திருப்பிக் காட்டினாள். கிட்டத்துக் காட்சிகளுக்காகச் செய்த பெரிய தலை. பச்சை முகத்தில், இடது பக்கம், அந்தப் பல் பக்கத்துப் பல்லின் மேல் கால் போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தினாளாம். இந்தப் பூதத்துக்குப் பயந்த முதல் ஆள்.

அண்ணன்காரன் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தத் தலையைத் துணியில் சுற்றி இன்டர்வியூ பைக்குள் வைத்தாள்.

"அது எதுக்குடி?"

"ஒன்றரை வருஷமா என்ன பண்ணேன்னு கேப்பார்னு சொன்னியே. கேட்டா காட்டணும்ல."

"அடியே, அது இன்சூரன்ஸ் ஆபீஸ்! என் மானம் போயிடும்!"

"போனா அதுக்கும் இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டுப் பார்ப்போம்."

ஜிப்பை இழுத்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. துணி விலகி, கோணல் பல் வெளியே எட்டிப் பார்த்தது. அண்ணன் கெஞ்சலாகப் பார்த்தான். சில்லு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மூடாவிட்டால் போகிறது என்று அப்படியே திறந்து விட்டுவிட்டாள்.